தம்பி இறந்தது எங்கள் அவிசுவாசத்தினாலா?

சகோதரி, ‘கடவுள் இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம்?’ என்று உங்கள் கேள்விக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அதன் கீழே எழுதியிருப்பதை நிதானமாக வாசித்தால், உலகத்தின் துன்பத்தைப் பற்றி விவாதிக்க நீங்கள் வரவில்லை என்பது தெரிகிறது. இருபத்தாறு வயதுத் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். வீட்டில் மாறி மாறி உபவாசம். புத்தாண்டு ஆராதனையில், அந்த ஆண்டுக்கான கடவுளின் வாக்கு என்று அவரே எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ‘நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்’ என்ற வசனம். ஆகஸ்டில் அடக்க ஆராதனை. துக்கம் விசாரிக்க வந்த ஜெபக்குழுவினரில் ஒருவர், ‘விசுவாசத்தில் எங்கோ குறை இருந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ஆலயத்தில் நின்றாலும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். ஆகவே நீங்கள் கேட்பது, அவர் சொன்னது உண்மையா, ஆண்டவர்மேல் இவ்வளவு கோபம் கொண்டிருப்பவள் இன்னும் விசுவாசிதானா, இந்த நிலையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்குபெறலாமா என்பவைதான்.

நான் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர். இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாட்டைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை மருத்துவமனைப் போதகராகக் கழித்தவன். இந்தப் பதிலில் வேதாகமத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. நோயாளிகளின் படுக்கையருகில் நின்று கண்டவை உண்டு. எனக்கே விடை தெரியாதவையும் உண்டு. இவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் எழுத முயல்கிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசுவதால்தான் துக்க வீடுகளில் பெரும்பாலான காயங்கள் ஏற்படுகின்றன.

முதல் கேள்விக்கு, இல்லை என்றே தயங்காமல் பதில் சொல்கிறேன். எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் வரலாறு. அதன் 34ஆம் வசனத்தில் சிலர் ‘பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்’. 37ஆம் வசனத்தில் வேறு சிலர் ‘பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள்’. தப்பியவர்கள், மாண்டவர்கள் ஆகிய இரு சாராரையும் சேர்த்தே, ‘இவர்களெல்லாரும்’ விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றதாக 39ஆம் வசனம் சொல்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுரு தேவதூதனால் சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். யாக்கோபின் விசுவாசம் பேதுருவின் விசுவாசத்தைவிடக் குறைவு என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எங்கும் எழுதவில்லை. எத்தனையோ பேருக்குச் சுகம் அளித்த பவுல், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடே விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தம்முடைய மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்கிறார். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் ‘இது யார் செய்த பாவம்?’ என்று கேட்டபோது, அந்தக் கேள்வியையே ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்திருந்த யாத்திரிகர்களையும் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. அவர்களுடைய விசுவாசத்தை அளந்து சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அந்த மனிதர் தம் பக்கத்துக்கு எடுத்துக்காட்டக்கூடிய வசனங்களும் இல்லாமல் இல்லை. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. நாசரேத்தில் அவர்களுடைய அவிசுவாசத்தினிமித்தம் இயேசு அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு எழுதுகிறார். ஆனால் நாசரேத்தூரார் இயேசுவைக் குறித்து இடறலடைந்தவர்கள். உபவாசமிருந்து அவரிடம் மன்றாடிய உங்கள் குடும்பத்தோடு அவர்களை எப்படி ஒப்பிடுவது? யாக்கோபின் நிருபத்திலோ ஜெபிக்க அழைக்கப்படுகிறவர்கள் சபையின் மூப்பர்கள். அங்கே விசுவாசத்தைக் கணக்குக் கேட்பதாயிருந்தால் வந்து ஜெபித்தவர்களிடம் கேட்க வேண்டுமே தவிர, படுக்கையில் கிடந்தவரிடமோ அவருடைய அக்காளிடமோ கேட்பதற்கில்லை. நாயீன் ஊர் விதவையின் மகனை எழுப்பியபோது, அந்தத் தாயிடம் விசுவாசம் உண்டா என்று ஆண்டவர் விசாரிக்கவே இல்லை. விசுவாசத்துக்கும் சுகத்துக்கும் தொடர்பே இல்லை என்பது என் வாதமல்ல. மருத்துவர்கள் கைவிட்ட பிறகு எழுந்து நடந்தவர்களையும் கண்டிருக்கிறேன், அதற்காக ஆண்டவரைத் துதித்தும் இருக்கிறேன். ஒருவர் இறந்த பிறகு அந்த மரணத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அவருடைய விசுவாசத்துக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் மட்டும் எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. அது இன்னும் தம்பியின் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது, எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களைப் போன்ற ஆயர்களுக்கு இருக்கிறது. அந்த வசனம் உள்ள 118ஆம் சங்கீதம், நெருக்கத்திலிருந்து ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட ஒருவர் ஆலயத்துக்கு வந்து பாடும் நன்றிப் பாடல். ‘நான் சாவாமல்’ என்பது அவர் தமக்கு நடந்ததைக் குறித்துச் சொல்லும் சாட்சி. ஆண்டின் முதல் நாளில் அட்டை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டில் மரணம் இல்லை என்ற முன்னறிவிப்பாக அது எழுதப்படவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் இதையொத்த ஒரு வழக்கத்தைக் கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களை 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வருகிறார்கள். அன்றன்றைக்குத் தியானிக்க ஒரு வார்த்தை என்பதே அதன் நோக்கம். நம் சபைகளில் அதையே குறி கேட்பதுபோல ஆக்கிவிட்டோம். அட்டையை எடுத்த உங்கள் தம்பி தவறு செய்யவில்லை. அதை நம்பி மன்றாடிய நீங்களும் தவறு செய்யவில்லை. அது எப்படிப்பட்ட வசனம் என்று விளக்காமல் கையில் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், இப்போது எடுத்துப் படிக்கவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் கோபம். நம்முடைய அடக்க ஆராதனையில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு என்ற மனிதனைப் பற்றிய புத்தகத்தின் முதல் அதிகாரத்திலிருந்து ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்று வாசிக்கிறோம். ஏறத்தாழ எல்லாத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் அந்த வசனம் மனப்பாடம். ஆனால் அதே மனிதன் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். பத்தாம் அதிகாரத்தில், ‘நீர் எதினிமித்தம் என்னோடே வழக்காடுகிறீர்’ என்று கடவுளிடமே காரணம் கேட்கிறான். முப்பத்தோராம் அதிகாரம் வரைக்கும் அந்த வழக்கு ஓய்வதில்லை. கல்லறைத் தோட்டத்தில் நாம் அந்தப் பகுதிகளைத் திறப்பதில்லை. அதனால், நல்ல விசுவாசி என்றால் முதல் அதிகாரத்திலேயே நின்றுவிட வேண்டும் என்ற எண்ணம் நம் சபைகளில் வேரூன்றிவிட்டது. புத்தகத்தின் முடிவில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடவுளுக்காகப் பரிந்து பேசிய, ‘உன் பாவமே இதற்குக் காரணம்’ என்று நிரூபிக்க முயன்ற நண்பர்களைப் பார்த்து, ‘என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை’ என்கிறார். முறையிட்டவனை அவர் ‘என் தாசன்’ என்று அழைக்கிறார். அந்த நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று: வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

யோபு மட்டும் விதிவிலக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமாக இருக்கின்றன. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதிலாவது கடைசியில் துதி வருகிறது. 88ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை. ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்ற புலம்பலோடு அது நின்றுவிடுகிறது. ஆறுதலான ஒரு வரியைக் கடைசியில் சேர்த்துவிடலாம் என்று அதைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றியிருக்கலாம், அவர்கள் சேர்க்கவில்லை. அப்படியே அதை ஆலயப் பாட்டாக வைத்தார்கள். என் பணிக்காலத்தில் கண்டு உறுதிப்பட்ட ஒன்று உண்டென்றால் அது இதுதான்: கடவுளிடம் கோபத்தைக் கொட்டுகிறவர் இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். விசுவாசம் என்று நான் அழைப்பது அந்தப் பேச்சைத்தான். மனத்தில் சமாதானம் இருக்கிறதா, கண்ணீர் நின்றுவிட்டதா என்பவற்றை வைத்து நான் அதை அளப்பதில்லை. நீங்கள் உங்கள் கேள்வியில் மூன்று இடங்களில் ‘அவர் ஏன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டவர் அப்படி எழுதுவதில்லை.

இனி உறுதியில்லாதவற்றுக்கு வருகிறேன். உங்கள் தம்பிக்கு, அந்த வயதில், அந்த நோய் ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாது; தெரியும் என்று சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். இறையியலில் இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுயாதீனத்தின் விளைவு என்பது ஒன்று. துன்பத்தின் வழியாக ஆத்துமா பக்குவப்படுகிறது என்பது மற்றொன்று. ஒவ்வொன்றும் கடவுளின் தீர்மானத்தின்படியே நேரிடுகிறது என்பாரும், அவர் அனுமதிக்கிறார், அனுப்புவதில்லை என்பாரும் ஒரே சபைக்குள் இருக்கிறார்கள். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்டு, வலியை உணர முடியாததால்தான் அவர்கள் தங்கள் விரல்களைத் தாங்களே அறியாமல் சேதப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதைக் கண்டறிந்து, வலி உடலுக்குக் காவல் என்று வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார். அது உண்மை, சுடுகிற பாத்திரத்தைத் தொட்ட கைக்கு அந்த விளக்கம் முழுமையாகப் பொருந்துகிறது. இரத்தப் புற்றுநோயின் கடைசி மாதத்து வலிக்கு அது பொருந்துவதில்லை. அந்த வலி எச்சரித்துக் காப்பாற்ற அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மற்ற விளக்கங்களும் இப்படித்தான், ஓரளவு தூரம் வந்துவிட்டு நின்றுவிடுகின்றன. யோபுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்தது வாசிக்கிற நமக்குத் தெரியும். அவனுக்குக் கடைசிவரை தெரியாது. ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்ற ரோமர் 8ஆம் அதிகார வசனத்தை யாராவது உங்களிடம் சொன்னால், அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்பு, வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று நாம் அறியாதிருக்கிறோம் என்றும், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்றும் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். பவுல் அந்த அறிக்கையைப் பெருமூச்சுகளின் நடுவிலிருந்து செய்தார். நடந்தது நன்மைதான் என்று அடுத்தவரின் பிள்ளையைக் குறித்துச் சொல்ல அதைப் பயன்படுத்தலாகாது.

காரணம் தெரியாமலேயே ஒருவர் எதைப் பற்றிக்கொள்வது என்று கேட்டால், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை நான் காட்டுவேன். ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்’ என்று குமாரன் முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். அந்தத் துன்பப் பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காதது அவிசுவாசத்துக்கு அடையாளம் என்றால், அந்தக் குற்றச்சாட்டு முதலில் இயேசுவின்மேல் வந்து விழும். மறுநாள் சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளான ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பதை உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார். உங்கள் கேள்வி கடவுளின் சொந்தக் குமாரனுடைய வாயிலேயே இருந்திருக்கிறது. கிறிஸ்தவம் துன்பத்துக்குக் கொடுக்கும் பதில் ஒரு விளக்கம் அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். துன்பப்பட்டு மரித்து எழுந்த ஒருவரை அது முன்னால் நிறுத்துகிறது. உயிர்த்தெழுதலை நான் முழுமனத்தோடு விசுவாசிக்கிறேன். உங்கள் தம்பியைக் குறித்தும் அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. ஆனாலும் அதைச் சொல்லி உங்கள் அழுகையை நிறுத்த மாட்டேன். லாசருவைச் சில நிமிடங்களில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

இப்படி நிலைத்திருந்த ஒருவரைப் பற்றி, நம் ஊர்ப்பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுக்கு அருகிலுள்ள தோனாவூரில், கோயில்களுக்கு விடப்படும் ஆபத்திலிருந்த பெண்குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறிந்திருப்பீர்கள். அவருக்கு வலக்கையாக இருந்த பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் இறந்தார்; அந்த வீட்டிலும் ஜெபத்துக்குக் குறைவிருக்கவில்லை. 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்ட அம்மையார், பிறகு சரியாகக் குணமடையவே இல்லை. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறைக்குள் வலியோடு கழித்தார். அந்த அறையிலிருந்து பல புத்தகங்கள் எழுதினார். உடல்நலமுள்ளவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல்கள் தம்மை எட்டவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகவே அவற்றில் ஒன்றை எழுதினார். அவர் தமக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்பதற்கு விடை கண்டுபிடித்ததாக நான் எங்கும் வாசித்ததில்லை. ஆனால் குழந்தைகளின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதையும் கடிதம் எழுதுவதையும் அவர் விடவில்லை. தம் கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை மட்டும் பொறித்தார்கள். அவரைப்போல நீங்களும் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை; பதில் கிடைக்காமலேயே ஒருவர் இருபது ஆண்டுகள் கடவுளோடு வாழ முடிந்தது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

உங்களால் இப்போது என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு தகப்பனார் வேதாகமத்தை மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வாசிக்கட்டுமா என்று கேட்டபோது, ‘வேண்டாம் ஐயா, சும்மா உட்காருங்க’ என்றார். உட்கார்ந்தேன். பல வாரங்கள் கழித்து, ‘எனக்கு வார்த்தை வரலை, நீங்க அந்தக் கோபமான சங்கீதம் ஏதாவது வாசிங்க’ என்று அவரே கேட்டார். 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். அவர் ‘ஆமென்’ என்று சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். உங்களுக்கும் சொந்த வார்த்தை வராதவரை அந்தச் சங்கீதத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். சத்தமாக வாசியுங்கள், வாசித்து முடித்ததும் மூடி வைத்துவிடுங்கள். துதிக்க வேண்டும், ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆலயத்தில் எல்லாரும் பாடும்போது நீங்கள் பாடாமல் நின்றால் சபை உங்களுக்கும் சேர்த்துப் பாடுகிறது. பக்கவாதக்காரனை நான்குபேர் சுமந்து வந்தபோது இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தைத்தான். ஜெபம் எப்போது திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. சில மாதங்களில் திரும்பக் கண்டிருக்கிறேன், பல ஆண்டுகள் ஆகவும் கண்டிருக்கிறேன். திரும்பி வராதவர்களையும் அறிவேன், அவர்களை ஆண்டவர் கைவிட்டார் என்று நான் எண்ணுவதில்லை.

தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வேலைக்குப் போகவும் மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் என் பயிற்சியின் எல்லை முடிகிறது. இதை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், தாமதிக்க வேண்டாம். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைவு வந்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற அரசின் இலவச உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ‘போதும் கர்த்தாவே’ என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய தீர்க்கதரிசிக்கு, தூதன் உபதேசம் எதுவும் பண்ணவில்லை. அடையையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான்.

கடைசியாகத் திருவிருந்து. ‘அபாத்திரமாய்’, அதாவது தகுதியில்லாதவிதமாய், பந்தியில் சேரக் கூடாது என்ற பவுலின் எச்சரிப்புக்குப் பயந்து, துக்கத்திலிருக்கும் எத்தனையோ பேர் பந்திக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். கொரிந்தியர் முதல் நிருபம் 11ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அங்கே கண்டிக்கப்படுகிறவர்கள், ஏழைகள் பசியாயிருக்கையில் முந்திக்கொண்டு சாப்பிட்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள். உடைந்த மனத்தோடு வருகிறவர்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. நம்முடைய வழிபாட்டு முறையிலும், சுயநீதியை நம்பாமல் ஆண்டவருடைய இரக்கத்தையே நம்பிப் பந்திக்கு வருகிறோம் என்ற பொருளில்தான் ஜெபிக்கிறோம். ஆகவே போங்கள். அந்த ஜெபக்குழுக்காரர் மேலுள்ள வருத்தம் உங்களைத் தடுக்குமானால், ஞாயிற்றுக்கிழமைக்குள் அது மறைந்துவிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரம் சொல்வதுபோல, அவரைத் தனியாகவோ உங்கள் ஆயரை உடன் வைத்துக்கொண்டோ சந்தித்து, அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். ஆனால் யாரும் சொல்லாவிட்டால், அடுத்த துக்க வீட்டிலும் அதையே சொல்லுவார்.